ஒரு வேலைக்கு 64 பேர்: மதுரையில் சிவில், ஆர்க்கிடெக்சர் வேலை எங்கேதான் இருக்கிறது?

அரையடிஸ்கேல் | திங்கள் இரவு 9.40

கே.புதூரில் 17 வருடமாகச் சின்னதாக ஒரு ஆபீஸ் நடத்துகிறேன். நான், வரைவதற்கு ஒரு அண்ணன், சைட் பார்க்க ஒரு பையன். வீடு, கடை, எப்போதாவது ஒரு கல்யாண மண்டபம். பையன் போன மாதம் சவுதிக்கு விமானம் ஏறிவிட்டான். அவன் இடத்துக்கு ஆள் வேண்டும், சம்பளம் 15,000, பெட்ரோல் தனி என்று போன வாரம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். செவ்வாய் சாயங்காலத்துக்குள் 64 பயோடேட்டா. ஒன்பது பேர் எம்.இ. முடித்தவர்கள். ஒருவர் கத்தாரில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் 15,000 என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கூப்பிடவே இல்லை.

பத்துப் பேரை வரச் சொன்னேன். நடந்துகொண்டிருக்கிற ஒரு வேலையின் தூண் டிராயிங்கை மேஜையில் விரித்து, "சி7 தூணுக்கு எத்தனை கம்பி, என்ன சைஸ்?" என்று கேட்டேன். கணக்குப் போட வேண்டியதில்லை. அதே தாளில் வலது ஓரத்து ஷெட்யூலில், அதாவது கம்பி அட்டவணையில், எழுதியே இருக்கிறது. ஏழு பேர் தூணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் போனை எடுத்து, கான்கிரீட்டுக்கான விதிப்புத்தகமான ஐ.எஸ். 456ஐத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அதே வாரம் என் கொத்தனார் கூலியை 1,100இலிருந்து 1,200 ஆக்கச் சொன்னார். மறுபேச்சில்லாமல் ஆக்கினேன். மாதம் 24 நாள் வேலை என்றால் 28,800. அவர் கட்டுவது சரியா என்று பார்க்க வேண்டிய இன்ஜினியருக்கு 15,000. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லை. வேலை இல்லையா, ஆள் இல்லையா, காசு இல்லையா?

2023பேட்ச்சிவில் | திங்கள் இரவு 10.15

அண்ணே, அந்த ஏழு பேரில் நான் இல்லை, ஆனால் இருந்திருக்கலாம். நான்கு வருடத்தில் எங்கள் முன்னால் ஒரு முழு டிராயிங்கை யாரும் விரித்ததில்லை. சைட் விசிட் என்று ஒரே ஒரு நாள் வைகை அணைக்குக் கூட்டிப்போனார்கள். ஹெல்மெட் போட்டு போட்டோ, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் வீடு.

படித்து முடித்துச் சேர்ந்த முதல் இடத்தில் மூன்று மாதம் 'பயிற்சி', சம்பளம் கிடையாது. நான்காவது மாதத்திலிருந்து 10,000. காலை ஏழரைக்கு கான்கிரீட் என்றால் ஆறரைக்கு நான் இருக்க வேண்டும். ராத்திரி ஜல்லி லாரி வந்தாலும் நான்தான். என்கூடப் படித்த 58 பேரில் இப்போது கட்டடம் பக்கம் இருப்பது 14 பேர். மற்றவர்கள் மெடிக்கல் கோடிங், வங்கித் தேர்வு, பைத்தான் வகுப்பு. கல்லூரிகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. 2024–25இலிருந்து ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துகிற ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்பு பெருத்துக்கொண்டே போகிறது, சிவில் லேபில் தூசி.

கொத்தனாருக்கு 1,200 என்று வருத்தப்படாதீர்கள். அவர் கை வேலை தெரிந்தவர். எங்களுக்குத் தெரியாது என்று தெரிந்துதான் 15,000 கொடுக்கிறீர்கள். கற்றுக்கொடுக்கிற கூலியையும் எங்கள் சம்பளத்திலேயே கழித்துக்கொள்கிறீர்கள்.

மாசிவீதி_டிரேசர் | திங்கள் இரவு 11.02

தம்பி சொல்வது சரி. பழைய கதை ஒன்று சொல்கிறேன்.

1988இல் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் முடித்துவிட்டு மேலமாசி வீதியில் ஒரு மாடி ஆபீஸில் சேர்ந்தேன். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து வரைவோம். டிரேசிங் பேப்பர், ரோட்ரிங் பேனா, மினி டிராஃப்டர். இங்க் தவறாக விழுந்தால் பிளேடை வைத்துச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் ஓட்டையாகிவிடும், முதலாளி முகமும் மாறிவிடும். பின்னறையில் அமோனியா பிரிண்ட். கண்ணெரிச்சலோடுதான் வீட்டுக்குப் போவோம். சாப்பாட்டில்கூட அந்த வாடை அடிக்கும்.

97 வாக்கில் கம்ப்யூட்டரில் வரைகிற ஆட்டோகேட் வந்தது. ஆறு பேரில் இரண்டு பேர் மௌஸ் பிடிக்கப் பழகினோம். மற்ற நால்வரில் ஒருவர் சைன்போர்டு எழுதப் போனார், ஒருவர் எல்.ஐ.சி. ஏஜென்ட், இருவர் என்ன ஆனார்கள் என்று தெரியாது. இப்போது இருக்கிற ஆபீஸில் வரைவது நான் ஒருவன்தான். அன்றைக்கு ஆறு பேர் ஒரு மாதத்தில் வரைந்ததை ஒரு வாரத்தில் தள்ளிவிடுகிறேன். வேலை குறையவில்லை, நாற்காலி குறைந்துவிட்டது. பிளானுக்கு அன்றைக்குக் கேட்ட காசையாவது ஒட்டிப் பிடித்து வைத்திருந்தால் பரவாயில்லை. இன்றைக்கு "கட்டுமான வேலையை எங்களிடம் கொடுத்தால் பிளான் இலவசம்" என்று ஊரெல்லாம் போர்டு. இலவசம் என்று நாமே எழுதி வைத்துவிட்டு, வரைகிறவனுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

இரவுஷிஃப்ட் | செவ்வாய் அதிகாலை 3.20

வேலை முடிந்து இப்போதுதான் படித்தேன். நான் இருப்பது திருநகர், வீட்டிலிருந்தே வேலை. நான் சிவில்தான், ஆனால் எனக்கு 52,000 வருகிறது. பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, எங்கே காசு என்று அண்ணன் கேட்டதற்காக.

கட்டடத்தை முப்பரிமாணத்தில் வரைகிற ரெவிட் மென்பொருளில் மாடல் செய்கிறேன், அமெரிக்கக் கட்டடங்களுக்கு. இப்போது கையில் இருப்பது ஒரு பள்ளிக்கூடம். பனி எவ்வளவு கொட்டும் என்று கூரைக்குப் பாரம் கணக்கிட்டு அவர்கள் அனுப்புவார்கள். நான் அடி, அங்குலத்தில் கம்பி விவரம் போடுவேன். போன வாரம் ஏசி குழாய் ஒன்று பீமுக்குள் புகுந்து போனதைப் பிடித்தேன். அங்கே அதை சைட்டில் போய்க் கண்டுபிடித்திருந்தால் பல ஆயிரம் டாலர் தண்டம். அந்தத் தண்டத்துக்குப் பயந்துதான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இங்கே என் சித்தப்பா வீட்டில் கழிவறைக் குழாய் பீமில் இடித்தது. பிளம்பர் பீமை உளியால் குடைந்து குழாயை விட்டுவிட்டுப் போனார். தண்டம் ஏதும் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் இதுவும் நிலையில்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. அடுத்த வருடம் எங்கள் டீமில் மூன்று மாதம் வேலையே வரவில்லை, நான்கு பேரை அனுப்பிவிட்டார்கள். வாஷிங்டனில் வட்டி ஏறினால் திருநகரில் அடுப்பு எரியாது.

தெற்குவாசல் | செவ்வாய் காலை 8.05

எல்லாரும் ஏன் இப்படிப் புலம்புகிறீர்கள்? தோப்பூரில் எய்ம்ஸ் எழும்புகிறது, மாட்டுத்தாவணியில் டைடல் பார்க், நாளைக்கே மெட்ரோ வந்தால் மதுரையில் இன்ஜினியர் கிடைக்காமல் தேடுவார்கள். பொறுமை வேண்டும்.

கரிசல்மண் | செவ்வாய் காலை 8.50

தெற்குவாசல் அண்ணாச்சி, மெட்ரோ திட்டத்தைத்தான் 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டதே. 2011 கணக்கெடுப்புப்படி 20 லட்சம் ஜனம் இல்லையாம். சரி, வந்திருந்தாலும் என்ன? திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டருக்கு அறிக்கை தயாரித்தது வெளியூர் நிறுவனம். இங்குள்ளவர்களுக்கு வருவது சர்வே, வாகனங்களை எண்ணுவது, மண் துளை போடுவது. எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், பெரிய வேலை தொடங்க 2024 ஆயிற்று. அடிக்கல்லைப் பார்த்து சிவில் சேர்ந்த பையன் டிகிரி முடித்து வேறு வேலைக்கே போயிருப்பான்.

நான் மண், கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். இந்தத் துறையில் ஆள் குறையாத ஒரே மூலை இதுதான் என்பேன். அரசு வேலை என்றால் கியூப் ரிப்போர்ட் இல்லாமல் பில் பாஸாகாது. 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டியை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதனால் எங்களுக்குச் சம்பளம் ஓடுகிறது. தனியார் வீட்டுக்காரர் யாரும் தானாக வருவதில்லை.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கள்ளிக்குடி அருகே ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். சித்திரையில் சுவர் விரிசலுக்குள் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகினால் உள்ளே போனது. ஐப்பசி மழைக்குப் பிறகு போனேன், நகம்கூட நுழையவில்லை. வீட்டுக்காரர், "பார்த்தீர்களா, தானாகவே சரியாகிவிட்டது" என்றார்! மண் பரிசோதனைக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தவர், கிரானைட் தரைக்கு இரண்டு லட்சம் செலவழித்திருந்தார்.

நிர்வாகி | செவ்வாய் காலை 9.30

மெட்ரோ அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வந்த ஆறு பதிவுகளை அங்கே மாற்றிவிட்டேன். வேலைவாய்ப்பை மட்டும் பேசவும்.

புள்ளிக்கோலம் | செவ்வாய் மதியம் 1.10

நான் கட்டடக்காரன் இல்லை, பொருளியல் படித்தவன். கட்டடக்கலை, பொறியியல் சேவை வேலைவாய்ப்பு கூடுகிறது என்ற செய்தி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தேசியத் தொழில் வகைப்பாடு 2008இல் உங்கள் பிரிவுக்கு எண் 71. ஆர்க்கிடெக்ட் ஆபீஸ், இன்ஜினியரிங் ஆலோசனை, கரிசல்மண் சொல்கிற பரிசோதனைக் கூடம் எல்லாம் அதற்குள். கட்டுகிற வேலை அதில் வராது, அது வேறு பிரிவு. பிளான் இலவசம், கட்டுமானத்துக்கு மட்டும் பில் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் செய்வது 71, கணக்கில் விழுவது கட்டுமானம்.

இன்னொன்று, வருங்கால வைப்புநிதிச் சட்டம் 20 பேருக்குக் குறையாத நிறுவனத்துக்குத்தான் கட்டாயம். வைப்புநிதிச் சம்பளப் பட்டியலை வைத்துப் போடுகிற வேலைவாய்ப்புக் கணக்கில் மூன்று பேர் ஆபீஸ் தெரியவே தெரியாது. சென்னையில் மணப்பாக்கத்திலோ ஓ.எம்.ஆரிலோ ஒரு பெரிய டிசைன் ஆபீஸ் 200 பேரை எடுத்தால் வளர்ச்சி என்று வரும். மதுரையில் 200 சின்ன ஆபீஸ் ஆளுக்கு ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால் சத்தமே கேட்காது.

அரையடிஸ்கேல் | செவ்வாய் மதியம் 2.45

புள்ளிக்கோலம் சார், நீங்கள் சொன்ன பிறகுதான் என் மூன்று வருட பில் புத்தகத்தைப் புரட்டினேன். பிளானுக்கு என்று தனியாகப் போட்ட பில் பதினொன்று. பதினொன்றும் யாராவது கேட்டே தீர வேண்டியவை. வங்கிக் கடனுக்கு எஸ்டிமேட், வேல்யூவேஷன். அப்புறம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டரோ எட்டு வீடோ தாண்டினால் பதிவு. வாங்குபவர் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் கிடக்கும். அதை எடுக்க இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவர் சான்றும் வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு பில்டர் பேரம் பேசுவதில்லை. பேசுவார், ஆனால் கொடுத்துவிடுவார்.

ஆக, சட்டம் கேட்கிற இடத்திலும் டாலர் கேட்கிற இடத்திலும்தான் நம் தாளுக்கு விலை. வீட்டுக்காரர் சிமென்டுக்குக் கொடுப்பார், கோட்டுக்குக் கொடுக்க மாட்டார்.

கட்டாயம் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று முறையில் உரிமையாளரே இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஜனங்களுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அனுமதி வாங்கித் தருகிற வேலையில்தான் என் ஆபீஸ் வாடகையும் கரண்ட் பில்லும் ஓடிக்கொண்டிருந்தது.

கல்லும்சுண்ணாம்பும் | செவ்வாய் மாலை 6.30

ஆர்க்கிடெக்ட் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லையே என்று வந்தேன். நேட்டா நுழைவுத் தேர்வு எழுதி, ஐந்து வருடம் படித்து, ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் பதிவு செய்து, பயிற்சிக் காலத்தில் மாதம் 5,000 வாங்கி வந்தவள். அண்ணன்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மதுரையில் எங்கள் பிழைப்பில் பாதியைக் கெடுத்தது சிவில் இன்ஜினியர்கள்தான். "ஆர்க்கிடெக்ட் எதற்கு, எலிவேஷன் நானே போட்டுத் தருகிறேன்." எலிவேஷன் என்றால் முன்பக்கம் நான்கு கலர் பெட்டி. மேற்கு வெயில் நேரே படுக்கையறையில் விழும், ஆனால் பெட்டிக்கு உள்ளே எல்.இ.டி. எரியும்.

அரையடிஸ்கேல் | செவ்வாய் மாலை 6.52

மேடம், வீடு வடிவமைக்க ஆர்க்கிடெக்ட் மட்டும்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1972 ஆர்க்கிடெக்ட் சட்டம் அந்தப் பட்டப்பெயரைத்தான் காக்கிறது, தொழிலை அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2020இல் சொல்லிவிட்டது. பெட்டி நான் போட்டதில்லை. சரி, இரண்டு போட்டிருக்கிறேன்.

கல்லும்சுண்ணாம்பும் | செவ்வாய் இரவு 7.40

அந்தத் தீர்ப்பு எனக்கும் தெரியும் அண்ணா. அதனால்தான் புது வீடுகளை விட்டுவிட்டுப் பழைய கட்டடங்கள் பக்கம் போனேன். மீனாட்சி கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது மீட்டர் உயரக் கட்டுப்பாடு. மேலே போக முடியாதவர்கள் இருப்பதையே சரிசெய்ய வருகிறார்கள். மெட்ராஸ் டெரஸ் என்கிற செங்கல் தளக் கூரை, தேக்கு உத்தரம், சுண்ணாம்புப் பூச்சு. சிமென்ட் பூசிக் கெடுத்த சுவரைச் சுரண்டி, திரும்பவும் சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிறோம். இதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை. அரைக்கத் தெரிந்த கொத்தனார் இருவர், இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.

கோவிலுக்குள்ளேயே பாருங்கள். வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரி 2ஆம் தேதி தீப்பிடித்தது. அதைத் திரும்ப எழுப்பப் பணத்தைவிடக் கல்லும் கல் வேலைக்காரர்களும்தான் பெரும்பாடு. நாமக்கல் மாவட்டத்திலிருந்து கல் கொண்டுவர வேண்டியிருந்தது. மாநிலம் முழுக்க இத்தனை பொறியியல் கல்லூரி இருந்தும் ஒரு கல் தூணுக்கு ஸ்தபதியிடம்தான் போய் நிற்க வேண்டும். என்னிடம் இப்போது இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், மூன்றாவது ஆளைத் தேடுகிறேன். ரெவிட் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஏணியில் ஏறிச் சுவரைத் தட்டிச் சத்தம் கேட்கத் தெரிந்தால் போதும்.

நத்தம்ரோடு_வாசகன் | செவ்வாய் இரவு 9.15

புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது 2023 ஜூலையில். அன்றிலிருந்து எனக்கு அதுதான் ஆபீஸ். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்குப் படிக்கிறேன், இது மூன்றாவது முயற்சி. எங்கள் மேஜையில் ஆறு பேர், ஆறும் சிவில். கேன்டீனில் டீ குடிக்கும்போது கட்டடத்தின் கிளாடிங், அதாவது வெளிச்சுவர் மூடல் இணைப்பைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், தொழில் பாசம் போகாது.

அண்ணே, அந்த 64இல் எங்கள் மேஜைக்காரர்கள் இரண்டு பேர் உண்டு. வேலை கிடைத்திருந்தாலும் அறிவிக்கை வந்ததும் விட்டிருப்பார்கள். உங்களுக்கு ஆள் நிற்காததற்கு நாங்களும் காரணம். எங்களுக்குச் சம்பளம் நிற்காததற்கு நீங்கள் காரணம்.

திருமங்கலம்_அப்பா | புதன் காலை 7.00

எல்லாம் படித்தேன், தலை சுற்றுகிறது. என் மகளுக்கு பி.ஆர்க். கிடைக்கும் போல இருக்கிறது, சிவிலும் கிடைக்கும். அவளுக்குப் படம் வரைவதில் ஆசை. எதில் சேர்க்கட்டும்? பெண் பிள்ளை சைட்டில் நிற்க முடியுமா என்று அவள் அம்மா கேட்கிறாள்.

கல்லும்சுண்ணாம்பும் | புதன் காலை 7.45

நிற்கலாம் அப்பா, நான் நிற்கிறேன். நிற்பதில் கஷ்டமில்லை. சைட்டில் கழிவறை இல்லை என்பதுதான் கஷ்டம். நான் வேலை எடுத்தவுடன் போடுகிற முதல் நிபந்தனை அதுதான், அஸ்திவாரத்துக்கு முன்னால் கழிவறை. சித்தாள் அக்காக்கள் அதற்காகவே என் சைட்டுக்கு வருகிறார்கள்.

ஆசை இருந்தால் பி.ஆர்க். சேருங்கள். ஆனால் படிப்பு ஐந்து வருடம், அதற்குப் பிறகு குறைந்தது மூன்று வருடம் கையில் காசு நிற்காது. அதைத் தாங்க வீட்டில் முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். படம் வரைகிற ஆசை போதாது. தான் வரைந்ததை ஒருவர் மாற்றச் சொன்னால் அழாமல் இருப்பாளா என்றும் கேளுங்கள்.

இரவுஷிஃப்ட் | புதன் மதியம் 12.30

எழுந்து இப்போதுதான் பார்த்தேன். எதில் சேர்ந்தாலும் முதல் வருடமே ஒரு சைட்டுக்கு வாரம் ஒரு நாள் அனுப்புங்கள். நான் மாடலில் நூறு தூண் நிறுத்தியிருக்கிறேன், நேரில் ஒரு தூண் கான்கிரீட் போடுவதைப் பார்த்தது 26 வயதில். கான்கிரீட்டை இறுக்குகிற வைப்ரேட்டர் சத்தத்துக்கே மிரண்டுவிட்டேன்.

அரையடிஸ்கேல் | சனி இரவு 8.20

ஆள் எடுத்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அன்றைக்கு வந்த பத்தில் அந்த ஏழு பேர் போக, ஷெட்யூலைப் பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் ஒரு பெண், மேலூர்ப் பக்கம், டிப்ளமோதான். அப்பா சென்டரிங் வேலை செய்கிறவராம். அந்தப் பெண் பதிலே சொல்லாமல் தாளைத் தன் பக்கம் திருப்பி, "சார், ஷெட்யூலில் ஆறு கம்பி போட்டிருக்கிறது, வெட்டுப்படத்தில் எட்டுப் புள்ளி இருக்கிறது. எதைக் கட்டுவது?" என்று கேட்டது. நான் அந்தத் தாளை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கண்ணில் படவில்லை.

சம்பளம் 18,000 என்று சொன்னேன். தம்பி 2023பேட்ச் எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த 3,000 எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நேற்று ஒத்தக்கடையிலிருந்து வந்த பார்ட்டியிடம் பிளானுக்குத் தனி பில் என்றேன். "பிளானுக்கெல்லாமா காசு?" என்று எழுந்தார், செருப்பையும் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் போன் செய்து பாதி தருகிறேன் என்றார். பாதிக்குச் சம்மதித்தேன்.

மாசிவீதி_டிரேசர் | சனி இரவு 9.05

எட்டுதான் சரி, எல்லாம் 16 எம்.எம். ஆறு என்று முதலில் போட்டது நான். பார்ட்டி மாடி கேட்டதும் படத்தைத் திருத்தினேன், ஷெட்யூலைத் திருத்த விட்டுப்போயிற்று. நேற்று சைட்டுக்குப் போய் நானே எண்ணிவிட்டு வந்தேன், எட்டுதான் கட்டியிருக்கிறது. திங்கட்கிழமை திருத்திய தாளை மேஜையில் வைத்துவிடுகிறேன் சார்.

அரையடிஸ்கேல் | சனி இரவு 9.07

அண்ணே, நீங்களா?